முதல் பாடம் பூசணிக்காய்

படம் வரையத் தொடங்கும் குழந்தைக்குப் பூசணிக்காயைவிடத் தோதான காய் வேறில்லை. வட்டம் கோணிப்போனாலும் அது பூசணியாகவே இருக்கும். ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் ஒடுங்கினாலும் யாரும் குறை சொல்ல முடியாது. கொடியில் காய்க்கிற பூசணியே அப்படித்தான். தரையில் படிந்து வளர்ந்த பக்கம் சப்பையாகவும் வெளிறியும் இருக்கும். கல்லில் முட்டிய இடம் குழிந்திருக்கும். பூனை வரையப் போய் அது நாயாகிவிட்டால் ஐந்து வயதுக் குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிடும். பூசணியில் அந்தப் பயம் இல்லை. அதற்கு இரண்டு கண்ணும் ஒரு வாயும் வைத்ததுமே காய் ஓர் ஆளாகிவிடுகிறது. கார்ட்டூன் கலையில் குழந்தை ஏறும் முதல் படி அதுதான்.

இந்தப் பாடம் நடக்கும் ஊர்களில் ஒன்று அத்திபெலே, பெங்களூரு நகர மாவட்டத்து ஆனேக்கல் தாலுகாவின் எல்லை ஊர். தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஊரைத் தாண்டினால் ஜூஜுவாடி, அடுத்து ஓசூர். தொழிற்பேட்டை வேலைக்கென்று வந்து தங்கிய குடும்பங்கள் பல. சனி, ஞாயிறுகளில் வீட்டு மாடியிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது அறையிலும் நடக்கும் ஓவிய வகுப்புகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஒரே பாயில் உட்காருகிறார்கள். இத்தகைய வகுப்பில் ஆசிரியர் வாயால் விளக்குவது பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும். கையால் மெதுவாக வரைந்து காட்டினால் எல்லோருக்கும் புரியும். ஆகவே ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லையூர் ஆசிரியர்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்ட முதல் விஷயம் இது.

எந்தப் பூசணி என்ற கேள்வி அடுத்து வரும். சந்தையில் இரண்டு உண்டு. சாம்பாருக்கும் பொரியலுக்கும் போகிற மஞ்சள் பூசணி, சில ஊர்களில் பரங்கிக்காய். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. இன்னொன்று கல்யாணப் பூசணி என்றும் சாம்பல் பூசணி என்றும் சொல்லப்படும் வெள்ளைப் பூசணி, ஆசியாவுக்கே உரியது. முதலாவதற்கு உடம்பெங்கும் பள்ளமும் மேடுமாகக் கீற்றுகள் இருக்கும். இரண்டாவது மழமழவென்று நீண்டு, மேலே வெண்மையான சாம்பல் படிந்திருக்கும். வரையக் கற்பதற்கு மஞ்சள் பூசணி நல்லது. கீற்றுகள் இருப்பதால் கோடு போட இடமும் காரணமும் கிடைக்கின்றன. வெள்ளைப் பூசணி முகம் வரைவதற்கு நல்லது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

வரைவதற்கு முன் காயைத் தொட வேண்டும். முழுக் காய் ஒன்றை வாங்கி வந்து நடுவில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் காம்படியிலிருந்து அடி வரை ஒரு பள்ளத்தின் வழியே விரலை ஓட்டச் சொல்வது வழக்கம். விரல் முதலில் வெளியே போகிறது, வயிற்றுப் பகுதியில் அகன்று, பிறகு உள்ளே திரும்பி அடியில் உள்ள சிறு வடுவில் போய் முடிகிறது. பூ இருந்த இடம் அது. இதைச் செய்த பிள்ளையையும் செய்யாத பிள்ளையையும் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். தொடாத பிள்ளை ஒரு வட்டம் போட்டு, அதற்குள் மேலிருந்து கீழாக நேர்க்கோடுகள் இழுக்கும்; காய் தட்டையாகிவிடும். தொட்ட பிள்ளையின் கோடு தானாகவே வளையும். விரல் போன வழியைப் பென்சில் மறப்பதில்லை. இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிற ஆசிரியர், பிறகு வகுப்பு முழுக்கக் கோட்டைத் திருத்திக்கொண்டிருக்க நேரும்.

பொருள்கள் அதிகம் வேண்டாம். ஏ4 தாள், 2பி பென்சில், கறுப்பு ஸ்கெட்ச் பென், மெழுகுக் கிரேயான். ஹெச்பி பென்சில் சின்னக் கைகளுக்குக் கடினம். அழுத்தி வரைவார்கள், தாளில் பள்ளம் விழும், அழித்தாலும் தடம் போகாது. ரப்பரை முதல் வகுப்பில் கொடுக்காமல் இருப்பது நல்லது. ரப்பர் கையில் இருக்கிற குழந்தை வரைவதைவிட அழிப்பதில்தான் அதிக நேரம் செலவிடும். பென்சிலை முனையை ஒட்டிப் பிடிக்காமல் சற்று மேலே தள்ளிப் பிடித்து மெல்லிய கோடு போடப் பழகினால் அழிக்கவே தேவை வராது.

இனி வரைதல். பெரும்பாலான பிள்ளைகளும் பெற்றோரும் பெரிய வட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். பூசணிக்கு அது சரியான தொடக்கம் அன்று. வெளி வட்டம் முதலில் வந்துவிட்டால் உள்ளே இருப்பதை அதற்குள் திணிக்க வேண்டியிருக்கும். கீற்றுகள் ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் அகன்றுவிடும். நடுக்கீற்றில் தொடங்குவதே முறை. தாளைக் குறுக்காக வைத்து, நடுவில் நிற்கிற முட்டை ஒன்று. அதன் உயரம் பிள்ளையின் உள்ளங்கை அகலம் இருந்தால் போதும். இதுதான் நம்மை நேரே பார்க்கும் கீற்று; முழுதாகத் தெரிவது இது ஒன்றுதான். மற்றக் கீற்றுகள் இதன் பின்னால் பாதி மறைந்து நிற்கின்றன.

அடுத்தது, கணக்கில் வருகிற அடைப்புக்குறி. முட்டையின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே தொட்டு, வெளியே வளைந்து, கீழ்முனைக்குச் சற்று மேலே வந்து ஒட்ட வேண்டும். இடப்பக்கம் ஒன்று போட்டதும் வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இரண்டும் ஒத்துவராது. பிறகு அவற்றுக்கு வெளியே இன்னும் ஓர் அடைப்புக்குறி, இம்முறை சற்றுக் குட்டையாக. அதற்கும் உள்கோட்டுக்கும் நடுவே உள்ள இடமும் முன்னதைவிட ஒடுக்கமாக. ஆக மொத்தம் ஐந்து கீற்று. ஓரத்துக்குப் போகப் போகக் கீற்று ஒடுங்குவது உருண்டையைக் காட்டும் உபாயம். நம் கண்ணிலிருந்து திரும்பிப் போகிற பகுதி குறுகித் தெரியும் என்பதை இந்த வயதில் யாரும் விளக்க வேண்டியதில்லை. கையில் வந்தால் போதும், காரணம் பின்னால் வந்து சேரும்.

முடிந்ததும் பார்த்தால் வெளிவட்டம் என்று தனியாக ஒன்று வரையாமலே காயின் உருவம் நிறைந்திருக்கும். பிள்ளைகளுக்கு இது பெரிய வியப்பு. உயரத்தைவிட அகலம் கூடுதலாக, ஏறக்குறைய மூன்றுக்கு நான்கு என்ற அளவில் அமைந்தால் காய் தரையில் கனமாக உட்கார்ந்திருக்கும். அகலம் குறைந்தால் அது பூசணியாகத் தெரியாமல் பலூனாகத் தெரியும். அப்போதும் அழிக்கத் தேவையில்லை. பக்கத்துக்கு இன்னோர் அடைப்புக்குறி சேர்த்தால் தீர்ந்தது.

காம்பு சிறியது, ஆனால் படத்துக்கு உயிர் கொடுப்பது. சந்தையில் வரும் மஞ்சள் பூசணியின் காம்பைக் கவனித்தால் அது உருண்டையாக இல்லாமல் ஐந்து விளிம்புகளோடு, காயைத் தொடும் இடத்தில் விரிந்திருப்பது தெரியும். வரையும்போது கீழே அகன்று மேலே ஒடுங்கும்படி இரண்டு வளைகோடுகள், மேலே வெட்டிய வாய்க்கு ஒரு சிறு வட்டம், நடுவில் ஒன்றிரண்டு கோடுகள். நேராக நிமிர்த்தி வரைவதைவிட ஒரு பக்கம் சாய்த்து வரைய வேண்டும். சாய்ந்த காம்பு இருந்தாலே காய்க்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. காம்பின் அடியிலிருந்து ஒரு கொடிச்சுருள், பக்கத்தில் ஓர் அகன்ற இலை. மார்கழியில் வாசல் கோலத்தில் சாணி உருண்டை மேல் பூசணிப்பூ வைக்கும் வீட்டுப் பிள்ளைகள் பூவையும் கேட்பார்கள். ஐந்து முனையுள்ள மஞ்சள் பூ. நட்சத்திரம் வரையத் தெரிந்த கைக்கு அது எளிது.

முகம்தான் பாடத்தின் மையம். நேரம் இங்கே செலவாக வேண்டும்.

கண்ணை எங்கே வைப்பது என்பது முதல் முடிவு. பிள்ளைகள் பெரும்பாலும் காயின் உச்சியை ஒட்டி வைப்பார்கள். அப்படி வைத்தால் முகம் மூத்துத் தெரியும். காயின் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஒன்றுக்கொன்று அகன்று, பெரிதாக வைத்தால் குழந்தை முகம் கிடைக்கும். ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கோன்ராட் லோரன்ஸ் 1943-இல் இதற்கான காரணத்தை எழுதினார்: பெரிய நெற்றி, தாழ்ந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம் ஆகிய அடையாளங்களைக் கண்டதும் மனிதருக்கு இரக்கமும் அன்பும் பிறக்கின்றன. மிக்கி மவுஸின் உருவம் பல பத்தாண்டுகளில் மெல்ல மெல்ல இந்தத் திசையிலேயே மாறி வந்ததை உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் பின்னர் சுட்டிக்காட்டினார். பூசணிக்கு உப்பிய கன்னம் இயற்கையிலேயே உண்டு. மிச்ச இரண்டையும் பென்சில் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது முடிவு புருவம். இதை விளக்க ஒரு நல்ல பயிற்சி உண்டு. தாளை நான்காக மடித்து நான்கு கட்டத்திலும் ஒரே பூசணி, ஒரே கண், ஒரே வாய் வரையச் சொல்ல வேண்டும். பிறகு புருவத்தை மட்டும் மாற்ற வேண்டும். உள்முனை இறங்கினால் கோபம். உள்முனை ஏறினால் அழுகை. இரண்டும் மேலே வில்லாக வளைந்தால் ஆச்சரியம். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் சந்தேகம். வாயைத் தொடவே இல்லை, முகம் நான்கு விதமாகிவிட்டது. இந்த இடத்தில் வகுப்பில் சத்தம் எழும். பிள்ளைகள் தங்கள் முகத்தையே மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவரின் புருவத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவர்களை அடக்கக் கூடாது. நான்கு கட்டத்துக்கும் ஒரு தொடர்ச்சி கண்டுபிடித்துவிட்டால், பூசணிக்கு ஏன் கோபம் வந்தது, பிறகு ஏன் அழுதது என்று, அதுவே அவர்கள் வரைந்த முதல் படக்கதை.

அக்டோபர் கடைசியில் பெங்களூரின் தனியார் பள்ளிகளும் குடியிருப்புகளும் ஹாலோவீன் கொண்டாட்டத்துக்கு முக்கோணக் கண்ணும் பல்வரிசையும் கொண்ட ஆரஞ்சுப் பூசணியை வரையச் சொல்கின்றன. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்த வழக்கம், குடியேறிகளோடு அமெரிக்கா போய்ப் பூசணிக்கு மாறியது. அந்த முகம்தான் இது. கத்தியால் வெட்டி எடுக்க முக்கோணம் எளிது என்பதால் கண் முக்கோணமானது. பென்சிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வரைவதில் தவறேதும் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் அதை மட்டும் கற்றுக்கொண்டு போவது வருத்தத்துக்குரியது. முகம் வரைந்த பூசணி அவர்கள் வீட்டு வாசலிலேயே தொங்குகிறது.

அதுதான் திருஷ்டிப் பூசணி. புதிதாகக் கட்டும் வீட்டிலும் கடை வாசலிலும் உறியில் கட்டித் தொங்கும் வெள்ளைப் பூசணியில் அரக்க முகம் எழுதியிருக்கும். ஆயுத பூஜை சமயத்தில் ஓசூர் சாலையோரம் வெள்ளைப் பூசணி மலையாகக் குவியும். லாரிக்கும் பட்டறைக்கும் சுற்றி உடைப்பதற்குத்தான் அவை. தொங்கவிடும் காய்க்கு மட்டும் முகம் எழுதுவார்கள். எழுதுகிறவர் முதலில் துணியால் காயின் மேலுள்ள சாம்பலைத் துடைத்துவிடுவார். துடைக்காவிட்டால் சாயம் ஒட்டாமல் உதிரும். பிறகு வெள்ளை வட்டமாக இரு பெருங்கண்கள். நடுவே கருவிழி, விழியைச் சுற்றி வெள்ளை முழுதும் தெரிய வேண்டும். இமை தொட்டால் பயம் குறைந்துவிடும். மேல்நோக்கி வளைந்த தடித்த புருவம், கன்னம் வரை முறுக்கிய மீசை, விரிந்த வாய், இரண்டு கோரைப்பல், சிவந்த நாக்கு. தெருவில் போகிறவர் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டியது என்பதால் நுண்ணிய வேலை ஏதும் இல்லை. வண்ணங்களும் சில, கோடுகளும் சில. கார்ட்டூனுக்கு வேண்டிய இலக்கணம் முழுதும் இதில் இருக்கிறது. கலைக்கல்லூரி வாசலை மிதிக்காத கைகள் இதைக் காலங்காலமாகச் செய்து வருகின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தாளில் இதை வரைய, நிற்கும் நீள்வட்டம் ஒன்று போதும், கீற்று இல்லை. காம்பு மேலே. கண்ணை இந்தமுறை பாதிக்கு மேலேயே வைக்க வேண்டும், கீழே மீசைக்கும் நாக்குக்கும் இடம் வேண்டுமல்லவா! சாந்தமான மஞ்சள் பூசணியைவிட இந்த அரக்கனையே பிள்ளைகள் அதிகம் விரும்புகிறார்கள். இருட்டுக்குப் பயப்படுகிற குழந்தைகூட மிகப் பெரிய கோரைப்பல்லைத் தானே வரைகிறது. கையால் வரைந்ததைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை.

பென்சில் கோடு முடிந்தபின் கறுப்பு ஸ்கெட்ச் பென், அதன்பின் கிரேயான். வரிசையை மாற்றக் கூடாது. மெழுகின் மேல் பேனா ஓட்டினால் முனையில் மெழுகு ஏறி அடைத்துக்கொள்ளும். அந்தப் பேனா பிறகு உதவாது. வண்ணத்தில் வெளிறியது முதலில், அடர்ந்தது கடைசியில். காய் முழுதும் மஞ்சள். ஒவ்வொரு கீற்றின் ஓரத்திலும் ஆரஞ்சு. பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. நடுக்கீற்றின் மேற்புறத்தில் விரல்நகம் அளவுக்கு வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிட்டால் அது வெளிச்சம். முழுக்க ஆரஞ்சை அப்பிவிடுவதைத் தவிர்க்க, முன்னால் வைத்த காயை இன்னொரு முறை பார்க்கச் சொல்லலாம். நம் சந்தைப் பூசணி பச்சையும் மஞ்சளும் பழுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்தது. பச்சைத் திட்டு வைத்த பூசணி, புத்தகத்து ஆரஞ்சுப் பூசணியைவிட அழகாகவே வருகிறது. வெள்ளைப் பூசணிக்கு மங்கிய பச்சையைத் தாளில் பட்டும் படாமலும் தடவினால் போதும். எண்ணெய்ப் பேஸ்டல் வண்ணம் நன்றாக இருக்கும். ஆனால் உள்ளங்கை பட்டு ஈஷிக்கொள்ளும் என்பதால் எட்டு வயதுக்கு மேல் கொடுக்கலாம்.

எல்லா வயதுக்கும் இந்தப் பாடம் ஒன்றாக இராது. குழந்தைகளின் கிறுக்கல்களைப் பெருமளவில் சேகரித்து ஆராய்ந்த ரோடா கெலாக் 1969-இல் வெளியிட்ட நூலும், அதற்கு முன் 1947-இல் விக்டர் லோவன்ஃபெல்ட் எழுதிய நூலும், கிறுக்கலிலிருந்து மூடிய வட்டத்துக்கும், வட்டத்திலிருந்து முகத்துக்கும் குழந்தை தானாகவே ஏறி வருவதைக் காட்டுகின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கு அடைப்புக்குறி வராது. அது ஒரு கோணல் வட்டமும் இரண்டு புள்ளியும் வைத்து 'பூசணி' என்று சொன்னால் அது பூசணிதான். நான்கிலிருந்து ஏழு வயதுக்கு நடுக்கீற்றும் முகமும். அதற்கு மேல் புருவப் பயிற்சி, காம்பின் விளிம்பு, தரையில் விழும் நிழல். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வேறு சிக்கல்: தங்கள் படம் நிஜம் மாதிரி இல்லையே என்று கூச்சம் வந்துவிடும். கார்ட்டூன் அந்தக் கூச்சத்தைப் போக்க நல்ல வழி.

சில கோடுகளில் உருவத்தைப் பிடிப்பது சோம்பேறிகளின் வழி என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. ஆனந்த விகடனில் மாலி, கோபுலு வரைந்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நகைச்சுவைத் துணுக்குக்கு நான்கு கோட்டில் ஆளை நிறுத்திய அதே கோபுலுதான் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு நாதஸ்வரக்காரரையும் நாட்டியக்காரியையும் அத்தனை விவரமாக வரைந்தார். மைசூரில் 1921-இல் பிறந்த கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமண், சிறுவயதில் வகுப்பில் அரச இலை ஒன்றை வரைந்து ஆசிரியரின் பாராட்டைப் பெற்றதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தொடக்கம் ஓர் இலைதான். பெங்களூரில் எம்.ஜி. சாலையை ஒட்டி இந்தியக் கார்ட்டூனிஸ்டுகள் கழகம் நடத்தும் கார்ட்டூன் காட்சிக்கூடம் இருக்கிறது. ஜனவரியில் கர்நாடக சித்ரகலா பரிஷத்து, குமாரகிருபா சாலையில் சித்திரச் சந்தையை நடத்துகிறது. அத்திபெலேயிலிருந்து ஒருநாள் பயணம். வரையும் பிள்ளைக்குக் காட்டத் தகுந்த இடங்கள்.

காணொளியைப் பார்த்து அப்படியே வரைவதைப் பற்றியும் ஒரு சொல். முதல் முறை துணையாக இருக்கட்டும். இரண்டாம் முறையும் அதையே ஓட்டினால் முப்பது வீட்டில் முப்பது பிள்ளைகளும் ஒரே பூசணியை வரைவார்கள். திரையை அணைத்துவிட்டுக் காயை எடுத்து வைப்பது மேல். போட்டிக்கு அனுப்பும் படத்தில் பெற்றோர் கை வைப்பது இன்னும் கெடுதல். பரிசு கிடைக்கலாம், ஆனால் தன் கோடு போதாது என்று அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொள்கிறது, அதை மறக்கவைக்க ஆசிரியருக்கு மாதக்கணக்கில் ஆகும். கண் ஏறி இறங்கியிருந்தால் இருக்கட்டும். காய்க்கு வெளியே வண்ணம் வழிந்திருந்தாலும் இருக்கட்டும். பெரியவர்கள் எழுத வேண்டியது தாளின் பின்புறத்தில்: பிள்ளையின் பெயர், வயது, தேதி. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மீண்டும் ஒரு பூசணி வரையச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளையிடமே காட்டுங்கள்.